யார் போட்ட சுவிட்ச்?

செம்பரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை பெங்களூரு நெடுஞ்சாலையின் இருபக்கமும் மனைகள் வீடுகளாகிக்கொண்டிருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று வேலைக்குப் போகும் குடும்பங்கள் அவற்றில் குடியேறுகின்றன. ஸ்மார்ட் சுவிட்ச் இந்த வீடுகளில் இப்போது பணக்காரப் பொருளாக இல்லை. வழக்கமான மாடுலர் போர்டுக்குப் பின்னால் சின்ன ரிலே ஒன்றை வைத்து இணைத்துவிட்டால் சுவரில் இருக்கும் பழைய சுவிட்சும் வேலை செய்யும், கைபேசியும் வேலை செய்யும். அதோடு சில விதிகளையும் எழுதி வைக்கலாம். ஆள் வந்தால் வராந்தா விளக்கு எரியட்டும், ஐந்து நிமிடம் அசைவு இல்லையென்றால் அணையட்டும். பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கு. ஏ.சி. ஓடத் தொடங்கினால் ஃபேன் மெதுவாகட்டும். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார்.

விதிகள் கூடக் கூட இரண்டு புகார்கள் எழும். ‘நான் போட்ட விளக்கை அது ஏன் அணைக்குது?’ என்பது ஒன்று. ‘நான் எதையும் தொடவே இல்லையே, அது ஏன் எரியுது?’ என்பது மற்றொன்று. கேட்பதற்கு வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வீட்டுத் தானியக்கக் கருவிகளில் பெரும்பாலானவை விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதை மட்டுமே குறித்துக்கொள்கின்றன. அதைப் போட்டது யார், எதற்காகப் போட்டார் என்பதைக் குறித்துக்கொள்வதில்லை. குறித்துக்கொண்டாலும் விதி எழுதுபவருக்குத் தெரியும்படி காட்டுவதில்லை. இதே நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலைகளில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக விடை உண்டு. அந்த விடை தொழிற்சாலை கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் புகாரைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். வராந்தாவில் பாட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். அங்கே மாட்டியிருப்பது பி.ஐ.ஆர். என்ற சாதாரண அசைவுச் சென்சார். அது ஆளைப் பார்ப்பதில்லை. உடல் வெப்பம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதைத்தான் பார்க்கும். உட்கார்ந்த இடத்தில் விரல்களை மட்டும் அசைப்பவர் அதன் கணக்கில் இல்லை. ஐந்தாவது நிமிடம் விளக்கு அணைகிறது. பாட்டி எழுந்துபோய்ச் சுவரில் சுவிட்சைத் தட்டுகிறார். எரிகிறது. இப்போது விதி என்ன காண்கிறது? ‘வராந்தா விளக்கு எரிகிறது, அசைவு இல்லை.’ மறுபடி ஐந்து நிமிடத்தில் அணைக்கிறது. பாட்டி கையால் போட்டது ‘நான் அணைக்கும்வரை எரியட்டும்’ என்று. சென்சார் போட்டது ‘ஆள் நடந்துபோகும்வரை எரியட்டும்’ என்று. இரண்டு வேறு எண்ணங்கள். ஆனால் விதிகளை ஓட்டும் மையக் கருவியான ஹப்பின் பதிவேட்டில் இரண்டும் ஒரே ‘எரிகிறது’. மூச்சு விடுவதைக்கூடக் கண்டுபிடிக்கும் ரேடார் சென்சாரை மாட்டினால் தீரும் என்பார்கள். சுழலும் சீலிங் ஃபேனையும் ஆடும் திரைச்சீலையையும் அது ஆளாக எடுத்துக்கொள்வது உண்டு. வருடத்தில் பத்து மாதம் ஃபேன் ஓடும் ஊரில் அது இன்னொரு தலைவலி. தவிர, நல்ல சென்சார் வந்தாலும் பாட்டியின் கைக்கு அங்கே மதிப்பில்லை என்ற குறை அப்படியே இருக்கும்.

இந்தக் குழப்பத்தை ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற வடிவில் விதி எழுதுவது நிரல் தெரியாதவர்களுக்கும் எளிதாகக் கைவருகிறது என்று பிளேஸ் ஊர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2014-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஜஸ்டின் ஹுவாங், மாயா சாக்மாக் ஆகிய இருவரும் அந்த எளிமைக்குள் ஒரு பள்ளம் இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். ‘நடந்தால்’ என்பதில் இரண்டு வகை உண்டு. கதவு திறப்பது ஒரு கணத்தில் நடந்து முடியும் நிகழ்வு. கதவு திறந்திருப்பது நீடிக்கும் நிலை. விதி எழுதுபவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். கருவிகளும் பிரித்துக் கேட்பதில்லை. சுவிட்சைத் தட்டுவது நிகழ்வு, விளக்கு எரிவது நிலை. தட்டலைக் கவனிக்க வேண்டிய விதி நிலையைக் கவனித்துக்கொண்டிருந்தால், வேறு எந்தக் காரணத்தால் விளக்கு எரிந்தாலும் அது ஓடத் தொடங்கிவிடும். நான் பார்த்தவரை, கேளாமல் ஓடும் தானியக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கலப்பில்தான் பிறக்கிறது.

வரலாறும் இதற்குச் சாட்சி. வீட்டுத் தானியக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் எக்ஸ்-10 முறையை ஸ்காட்லாந்தின் கிளென்ரோதஸ் நகரிலிருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் 1975-இல் உருவாக்கியது. தனிக் கம்பி வேண்டாம், வீட்டு மின்கம்பியிலேயே கட்டளை போகும். 16 வீட்டு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 16 எண்கள், மொத்தம் 256 முகவரிகள். மின்கம்பி அடுத்த வீட்டுக்கும் போகிறதே. இரு வீட்டாரும் ஒரே எழுத்தை வைத்திருந்தால் அங்கே பொத்தானை அமுக்க இங்கே விளக்கு எரியும். தொடக்கக் காலக் கருவிகள் பதில் சொல்லவும் மாட்டா. கட்டளை போய்ச் சேர்ந்ததா, யார் அனுப்பியது என்று அறிய வழியே இல்லை. நாற்பதாண்டு கழித்து இதே கதை குரல் வடிவில் திரும்பியது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், அலெக்சாவிடம் ஒரு சிறுமி பொம்மை வீடு கேட்டுப் பெற்ற செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டு நேயர்கள் வீட்டுக் கருவிகளும் பொம்மை வீடு வாங்க முயன்றன. அதே ஆண்டு ஏப்ரலில் பர்கர் கிங் விளம்பரம் ஒன்று கூகுள் ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே தட்டி எழுப்பியது. அன்றும் இன்றும் கட்டளை என்னவென்று கருவிக்குத் தெரிகிறது. சொன்னது யார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை வெளிக்கொண்டுவருவது பெரும்பாலும் கரண்ட் கட்தான். மாதப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்குத் திரும்பும் மின்சாரமாக இருக்கலாம். மழைக்காற்றில் இரண்டு நிமிடம் போய் வருவதாகவும் இருக்கலாம். மின்சாரம் திரும்பும் கணத்தில் வீட்டுக்குள் நடப்பதைக் கவனித்தால் பல புதிர்கள் அவிழும். ரிலேக்கள் சில விநாடிகளில் விழித்துக்கொள்கின்றன. ரௌட்டர் எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஹப் சிறு கணினி என்றால் இன்னும் தாமதம். எல்லாம் எழுந்த பிறகு ஒவ்வொரு ரிலேயும் ‘நான் எரிகிறேன்’, ‘நான் அணைந்திருக்கிறேன்’ என்று ஹப்பிடம் வருகைப்பதிவு கொடுக்கிறது. ஹப்புக்கோ அதுவரை அந்த ரிலே ‘தொடர்பில் இல்லை’. ‘தொடர்பில் இல்லை’ என்பதிலிருந்து ‘எரிகிறது’ என்றானதை ஒரு மாற்றமாகவே எடுத்துக்கொண்டு, ‘ஹால் விளக்கு எரிந்தால் வாசல் விளக்கையும் போடு’ என்ற விதியை ஓட்டிவிடுகிறது. எவரும் எதையும் தொடவில்லை. வீட்டில் பாதி போர்டுகள் இன்வெர்ட்டரிலும் மீதி நேர் லைனிலும் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஒரு பாதி தூங்கவே இல்லை, மறுபாதி தூங்கி எழுந்து தப்புத் தப்பாக வருகைப்பதிவு கொடுக்கிறது.

இதற்கு மருந்து எளியது, விலையும் இல்லை. விதியில் ‘எரிந்தால்’ என்று எழுதாமல் ‘அணைந்திருந்த நிலையிலிருந்து எரிந்தால்’ என்று எழுத வேண்டும். தொடர்பு அற்றிருந்து வந்ததற்கு விதி அசையக் கூடாது. ஹப்பையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் வைக்க வேண்டும். ஹப் எழுந்து சில நிமிடம்வரை எந்த விதியும் ஓடாதபடி நிறுத்தி வைக்கலாம். மின்சாரம் வந்ததும் ரிலே எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம். ஜிக்பீ, மேட்டர் ஆகிய தரநிலைகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. டாஸ்மோட்டா போன்ற திறந்த மென்பொருளிலும் உண்டு. மலிவான சீனக் கருவிகளின் ஆப்பிலும்கூட ‘அணை, போடு, பழைய நிலை’ என்று மூன்று தேர்வுகளைக் காணலாம். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியதோடு சரி, யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. விளக்குக்குப் ‘பழைய நிலை’ பொருந்தும். கீசர், அயர்ன் பாக்ஸ் பிளக், மோட்டார் இவற்றுக்கு ‘அணை’ தவிர வேறு எதுவும் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆள் இல்லாத வீட்டில் மின்சாரம் திரும்பியதும் கீசர் தானே சூடேறத் தொடங்குவது வசதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

இந்த விவேகம் நமக்குப் புதிதும் இல்லை. கிணற்றடியிலும் சம்ப் அருகிலும் தொங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி கான்டாக்டரை ‘டக்’கென்று இழுக்கிறது. விரலை எடுத்த பிறகும், கான்டாக்டரோடு சேர்ந்து மூடும் துணைத் தொடுமுனை ஒன்று காயிலுக்கு மின்சாரத்தைக் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் காயில் விடுகிறது, கான்டாக்டர் திறக்கிறது. மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் ஓடாது. யாராவது வந்து மறுபடி பச்சையை அமுக்க வேண்டும். நோ வோல்ட் காயில் என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். ‘கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே இப்போதும் ஓட வேண்டும்’ என்ற முடிவை எடுக்க அந்தப் பெட்டிக்கு அதிகாரம் இல்லை. போடும் முடிவு மனிதனுடையது. ஒரு சிப் கூட இல்லாத பெட்டி அதை அறிந்திருக்கிறது.

அந்த விவேகத்தை நாமே கழற்றி எறிந்ததும் உண்டு. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் எந்நேரம் வரும் என்று தெரியாத விவசாயி, வயலுக்கு எழுந்துபோக முடியாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தார். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். அவர் நிலையில் அது நியாயமான தேவை. பாம்பும் பூச்சியும் நடமாடும் வரப்பில் இரண்டு மணிக்குப் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தெலங்கானா அரசு 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் தரத் தொடங்கியபோது, ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றிவிடும்படி விவசாயிகளை வற்புறுத்திக் கேட்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க மின்சாரம் இருந்தால் மோட்டார் நாள் முழுக்க ஓடும், நிலத்தடி நீர் வற்றும் என்ற அச்சம். பற்றாக்குறைக் காலத்தில் அறிவாக இருந்த விதி, மின்சாரம் தாராளமாக வந்த காலத்தில் ஆபத்தானது. விதியை எழுதியவர் அப்போது மனத்தில் வைத்திருந்த சூழல் மாறியது, விதி மாறவில்லை. வீட்டுத் தானியக்கத்திலும் பாதிக் கோளாறுகள் இப்படிப்பட்ட பழைய விதிகளால் வருபவைதான்.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கியதிலிருந்து, ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-இலும் டெய்ம்லர் லாரி ஆலை 2012-இலும் வந்தது வரை, இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ரோபோக்களோடும் கன்வேயர்களோடும் இயந்திரங்களை ஆளும் சிறு கணினியான பி.எல்.சி. பேனல்களோடும் பழகிவிட்டார்கள். அவர்களிடம் ‘ஆட்டோவில் இருக்கா, மேனுவலில் இருக்கா?’ என்பது அன்றாடப் பேச்சு. பேனலின் முகப்பில் ஒரு செலக்டர் சுவிட்ச் இருக்கும். ஒருபக்கம் மேனுவல், நடுவில் ஆஃப், மறுபக்கம் ஆட்டோ. மேனுவலில் திருப்பியிருந்தால் பி.எல்.சி. எத்தனை முறை ‘ஓடு’ என்று சொன்னாலும் மோட்டார் ஓடாது. அந்தச் சுவிட்ச் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: இப்போது இந்த இயந்திரத்துக்குக் கட்டளையிடும் உரிமை யாருக்கு?

சட்டமும் அதையே கேட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 24-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில், அணைந்த நிலையிலிருந்து கவனப்பிசகாய் ஓடும் நிலைக்கு மாறிவிடக்கூடிய துண்டிப்புக் கருவி இருந்தால், இயந்திரம் தற்செயலாகக் கிளம்பாதபடி அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சொன்னது. பழுது பார்ப்பவர் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் முறையை அமெரிக்கா 1989-இல் விதியாக்கியது. இன்று இங்குள்ள பெரிய ஆலைகளிலும் அதுவே வழக்கம். அவசர நிறுத்தப் பொத்தான் பற்றிய ஐ.எஸ்.ஓ. 13850 தரநிலை இன்னும் நுட்பமானது. காளான் வடிவிலிருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்தால் இயந்திரம் ஓடத் தொடங்கக் கூடாது. ஓடுவதற்கு அனுமதி மட்டுமே கிடைக்க வேண்டும். ஓட்டுவதற்குத் தனியாக ஸ்டார்ட் அமுக்க வேண்டும். இயந்திர மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1, மின்சாரம் திரும்புவதால் ஆபத்து வரும் இடங்களில் இயந்திரம் தானே மறுபடி கிளம்பக் கூடாது என்கிறது. தடை நீங்குவது வேறு, கட்டளை பிறப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் இரத்தத்தில் கற்றது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது.

வீட்டு விளக்கில் கை போகாது, உண்மை. ஆனால் மோட்டார், கீசர், கேட் மோட்டார், ரோலிங் ஷட்டர் எல்லாம் இன்று அதே ஆப்பில், அதே விதிகளின் கீழ் வந்துவிட்டன. விளக்குக்கு எழுதிய அலட்சியத்தோடு ஷட்டருக்கும் விதி எழுதுகிறார்கள்.

சரி, கருவிகளில் என்னென்ன வழிகள் உண்டு? மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, செய்தவரைக் குறித்து வைப்பது. 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறந்த மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு சூழல் குறிப்பைச் சேர்த்து வைக்கிறது. ஆப்பில் தொட்டிருந்தால் பயனர் கட்டத்தில் அவருடைய அடையாளம் இருக்கும். விதி செய்திருந்தால், அந்த விதியைத் தூண்டிய முந்தைய நிகழ்வின் எண் பெற்றோர் கட்டத்தில் இருக்கும். சுவரில் தட்டியிருந்தால் இரண்டும் காலி. ஆகவே ‘இரண்டும் காலியாக இருந்தால் கையால் போட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். நல்ல வழி; ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது. காலி என்பதற்குப் பொருள் ‘எனக்குத் தெரியாது’ என்பதே. ரிலே செய்த கம்பெனியின் சொந்த ஆப்பில் போட்டாலும் காலி. ரிலேக்குள் இருக்கும் டைமர் போட்டாலும் காலி. மின்சாரம் திரும்பி எரிந்தாலும் காலி. கட்டளை போய் ரிலே தாமதமாகப் பதில் சொன்னால், சில விநாடிகளுக்குப் பிறகு வரும் அந்தப் பதிலில் விதியின் பெயர் உதிர்ந்துபோய்க் காலியாகிவிடும். தெரியாததை எல்லாம் மனிதக் கை என்று எண்ணுவது, தவறினால் விளக்கு கூடுதலாக எரிவதோடு முடியும் இடத்தில் பரவாயில்லை. மோட்டார் விஷயத்தில் கூடாது. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் ரிலே செய்பவர்கள். ஷெல்லி நிறுவனத்தின் புதிய தலைமுறை ரிலேக்கள் கடைசிக் கட்டளை எங்கிருந்து வந்தது என்பதைத் தம் நிலை அறிக்கையிலேயே சொல்கின்றன. மின்சாரம் வந்து விழித்ததா என்பதும் அதில் தெரியும். டாஸ்மோட்டாவின் பதிவேட்டிலும் பொத்தானா, சுவிட்சா, வலைவழிக் கட்டளையா என்ற குறிப்பு உண்டு. முடியும் என்பது தெரிகிறது. எல்லோரும் செய்தாக வேண்டும்.

இரண்டாவது வழி, தட்டலையும் விளக்கையும் பிரித்துவிடுவது. சுவிட்சைத் தட்டினால் ரிலே அசையாது. ‘ஒருமுறை தட்டினார்’, ‘இருமுறை தட்டினார்’, ‘அழுத்திப் பிடித்தார்’ என்று ஹப்புக்குச் செய்தி மட்டும் போகும். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலையும் பொத்தானை இப்படித் தனி நிகழ்வாகக் கொள்ள இடம் தருகிறது. குழப்பத்துக்கு இதைவிடத் தெளிவான தீர்வு இல்லை. நிகழ்வு நிகழ்வாகவே வருகிறது. ஆனால் ஹப் செத்தால் சுவிட்சும் செத்தது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், ரௌட்டர் தொங்கிப்போன இரவில் பாத்ரூம் விளக்கு எரியவில்லை என்றால் அந்தத் தெளிவால் யாருக்கு என்ன பயன்? விசிறியும் விளக்கும் நேரே ரிலேயோடு இணைந்திருக்கட்டும். அலங்கார விளக்குக்கும், பல விளக்குகளை ஒன்றாக ஆளும் பொத்தானுக்கும் மட்டும் இந்தப் பிரிப்பை வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

படிக்கட்டு விளக்கு இதற்கு நல்ல சோதனைக்களம். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு டூ-வே சுவிட்சுகள், நடுவில் இரண்டு கம்பிகள். எங்கே தட்டினாலும் விளக்கு மாறும். பல பத்தாண்டுகளாகப் பிழையில்லாமல் ஓடும் வயரிங். இப்போது சிலர் கீழ்போர்டில் ஒரு ரிலே, மேல்போர்டில் ஒரு ரிலே வைத்து, ‘இது மாறினால் அதை மாற்று, அது மாறினால் இதை மாற்று’ என்று இரண்டு விதிகள் எழுதுகிறார்கள். வைஃபை கொஞ்சம் தாமதமானால் போதும். கீழே போட்ட செய்தி மேலே போய்ச் சேர்வதற்குள் மேலிருந்து பழைய நிலை திரும்பி வருகிறது, விளக்கு மின்னி மின்னி அணைகிறது. விதி ‘மாற்று’ என்று சொல்லாமல் ‘போடு’ அல்லது ‘அணை’ என்று தெளிவாகச் சொன்னால் பாதி தீரும். ஏற்கெனவே எரியும் விளக்கை மறுபடி போடுவதால் எதுவும் மாறாது. முழுதாகத் தீர வேண்டுமானால் பழைய வயரிங்கை அப்படியே விட்டுவிட்டு, விளக்கு முனையில் ஒரே ஒரு ரிலே வைப்பதுதான் வழி. ஸ்மார்ட் ஆவதற்காக நல்ல கம்பி வேலையைப் பிரிக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது: தானியக்கம் தான் போட்டதை மட்டுமே தான் அணைக்கலாம். பாட்டியின் வராந்தாவுக்கு வருவோம். விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் விதியை அழித்துவிடுங்கள். அணைந்திருந்த விளக்கை அசைவு கண்டு விதி போட்டால், விதியே தனக்கென ஒரு டைமரைத் தொடங்கட்டும். அந்த டைமர் முடிந்தால் மட்டும் அணைக்கட்டும். நடுவில் யாராவது சுவரில் தட்டினால் டைமர் ரத்து. விளக்கு இனி அவருடையது. டைமர் இல்லாமல் எரியும் விளக்கைத் தொட விதிக்கு உரிமையே இல்லை. எழுதுவதற்கு நாலைந்து வரி. தொழிற்சாலையின் செலக்டர் சுவிட்ச் இங்கே யாரும் திருப்பாமலேயே திரும்புகிறது, கை பட்டதும் மேனுவல். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். ஆலையில் ஷிப்ட் மாறும்போது, எந்த இயந்திரம் மேனுவலில் நிற்கிறது என்று அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைப்பார்கள். வீட்டில் அப்படி யாரும் ஒப்படைப்பதில்லை. மேனுவலில் விட்ட விளக்கு நாள்கணக்கில் எரியும். அதனால் வீட்டு மேனுவலுக்கு ஒரு முடிவு நேரம் வேண்டும்: அவரே அணைக்கும்போது, அல்லது வீடு முழுக்க ஆளில்லாமல் ஒரு மணி நேரம் ஆகும்போது.

அணைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெரிய கன்வேயர்கள் கிளம்புமுன் ஹூட்டர் ஒலிக்கும். செம்பரம்பாக்கம் ஏரியில் நீர்மட்டம் 24 அடி முழு உயரத்தை நெருங்கி மதகு திறக்கும்போது, சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று அடையாற்றுக் கரை ஊர்களுக்கு முதலில் அறிவிப்பு போகும். அறிவிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் இந்தப் பகுதிக்கே கற்றுக்கொடுத்தது. விளக்கு அணையுமுன் பத்து விநாடி ஒளி குறைந்து காட்டினால், உட்கார்ந்திருப்பவர் கையை அசைத்தாலே போதும். இருட்டில் எழுந்து தடுமாற வேண்டியதில்லை.

நேர அட்டவணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்களோடு வரும் தயார் விதிகள் எல்லாம் ஒரே மாதிரி வாழ்க்கையைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டவை: காலை ஏழுக்கு எழுந்து, மாலை ஆறுக்குத் திரும்பி, இரவு பத்துக்குத் தூங்குபவர். இந்தத் தொழில் பகுதியில் மூன்று ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பவருக்கு ‘காலை வணக்கம்’ விதி திரைச்சீலையைத் திறப்பதும், பக்கத்து அறையில் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு அதே விதி தேவைப்படுவதும் ஒரே வீட்டில் நடக்கும். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். கடிகாரத்தை வைத்து எழுதும் விதியால் இங்கே பயனில்லை. படுக்கையருகே ஒரு பொத்தான், ‘நான் தூங்கப் போகிறேன்’ என்று அந்த அறைக்கு மட்டும் சொல்வது, ஆயிரம் அட்டவணையை விட மேல். அந்தப் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அந்த அறையில் எந்தத் தானியக்கமும் ஓடக் கூடாது. ஆலையில் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்பவருக்கு உள்ள உரிமை, தூங்குகிறவருக்கும் உண்டு.

மோட்டாருக்கு மட்டும் நான் இதையெல்லாம் தாண்டிக் கறாராக இருப்பேன். அங்கே மூன்று மூளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: ஸ்டார்ட்டர், தண்ணீர் மட்டம் பார்க்கும் கன்ட்ரோலர், அதற்கு மேல் கைபேசி. விவசாயத்துக்குக் கைபேசியில் இயங்கும் பம்ப்செட் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையே மானியம் தரும் காலம் இது. வீட்டுக்கும் அதே கருவிகள் வருகின்றன. சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்துவதும், ஓவர்லோடில் ட்ரிப் ஆவதும் வயரிங்கிலேயே, எந்த ஆப்பையும் நம்பாமல் இருக்க வேண்டும். அணைக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும்: கன்ட்ரோலருக்கு, கைபேசிக்கு, சிவப்புப் பொத்தானுக்கு. போடும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். அதைப் பெட்டியின் முகப்பில் ஒரு செலக்டர் சுவிட்ச் தீர்மானிக்கட்டும். ‘மாற்று’ என்ற கட்டளை மோட்டார் பக்கமே வரக் கூடாது. வலை தடுமாறி அது இருமுறை போய்ச் சேர்ந்தால், நிறுத்தப் போனவர் ஓட்டிவிட்டு வந்திருப்பார்.

இவற்றைச் செய்ய வெளியூர் நிபுணர் தேவையில்லை. ஐ.டி.ஐ. முடித்துப் பகலில் ஆலை மெயின்டனன்ஸிலும் மாலையில் வீட்டு வயரிங்கிலும் இருக்கும் எலெக்ட்ரீஷியன்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. செலக்டர், இன்டர்லாக், நோ வோல்ட் காயில் எல்லாம் அவர்கள் கைக்குப் பழகியவை. ஆலையில் ஒவ்வொரு பேனல் கதவின் உட்புறத்திலும் வரைபடம் வைக்க ஒரு பை இருக்கும். வீட்டு மின்பகிர்வுப் பெட்டிக் (டி.பி.) கதவின் உள்ளேயும் ஒரு தாள் ஒட்டட்டும்: எந்த ரிலே எந்த விளக்குக்கு, மின்சாரம் திரும்பினால் எது எந்த நிலைக்குப் போகும், எந்த விதிக்கு எதைப் போடும் உரிமை, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவது எங்கே. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது வந்து பார்க்கும் வேறொரு எலெக்ட்ரீஷியனுக்கு அந்தத் தாள்தான் கண்.

வாடகை வீடுகளுக்கு இன்னொன்று. ஆலை மாறினால் வீடும் மாறும் ஊர் இது. காலி செய்து போனவருடைய கணக்கிலேயே ரிலேக்கள் இணைந்திருந்தால், அவருடைய பழைய விதிகள் புதிதாகக் குடிவந்தவரின் விளக்கைப் போட்டும் அணைத்தும் கொண்டிருக்கும்; போனவர் விரும்பினால் எங்கிருந்தும் போடவும் முடியும். வாடகை ஒப்பந்தத்தில் ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை என்று எழுதும் பட்டியலில் ரிலேக்களும் வர வேண்டும். அட்வான்ஸைத் திருப்பித் தருவதற்கு முன் வீட்டுக்காரர் அவை ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து, பழைய கணக்கிலிருந்து நீங்கிவிட்டதைக் காலி செய்பவரின் கைபேசியிலேயே பார்த்துவிட வேண்டும்.